பீர்மேட்டு மழைக்கு அளவு போதாத மழைமானி: பெண் பிள்ளைகளுக்கான ஓர் அறிவியல் பெட்டியைப் பற்றி

கேரளத்து இடுக்கி மாவட்டத்தின் வண்டிப்பெரியாற்றில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் வசிக்கும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்கும் அறிவியலும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அறிவியலில் தடம் பதித்த பெண்களின் வாழ்க்கைக் குறிப்புகளையும் அவர்களுடைய ஆய்வை ஒட்டிய சோதனைகளையும் ஒன்றாகச் சேர்த்து, பத்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பெண் பிள்ளைகளுக்கென்று தமிழிலேயே ஒரு பெட்டி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சென்ற மே மாதம் இணையத்தில் 1,450 ரூபாய் கொடுத்து வாங்கினேன். ஒன்பது நாளில் வந்து சேர்ந்தது. அதை ஆறு பிள்ளைகளோடு நான்கு மாதங்கள் பயன்படுத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். தயாரித்தவர்களுக்குக் குறைகளை எழுதிக் கேட்டபோது திருத்துவதாக மரியாதையாகப் பதில் அனுப்பினார்கள். ஆகவே பெட்டியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இந்த வகைப் பெட்டிகள் இப்போது பல வருகின்றன. எதை வாங்கினாலும் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது உதவினால் போதும்.

பெட்டிக்குள் பன்னிரண்டு அட்டைகள், எட்டுச் சோதனைகளுக்கான பொருள்கள், ஒரு செய்முறைக் கையேடு ஆகியவை இருக்கின்றன. அட்டைகளில் மேரி கியூரி, லீசே மைட்னர், ரோசலிண்ட் பிராங்க்ளின், ஆக்னஸ் போக்கல்ஸ், யூனிஸ் ஃபூட், கரோலின் ஹெர்ஷல், மேரி அன்னிங், ஏடா லவ்லேஸ் என்று எட்டுப் பேர் வெளிநாட்டவர். ஜானகி அம்மாள், அன்னா மாணி, கமலா சோஹோனி, அசீமா சாட்டர்ஜி என்று நால்வர் நம்மவர். அட்டைகள் தடிமனானவை, எங்கள் ஊர் ஈரத்தில் மற்ற காகிதங்கள் எல்லாம் பூஞ்சணம் பிடித்தபோதும் இவை தாக்குப்பிடித்தன என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நான் இந்தப் பெட்டியை வாங்கியதற்கு உண்மையான காரணம் அன்னா மாணியின் அட்டைதான். அவர் 1918ஆம் ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் நாள் பீர்மேட்டில் பிறந்தவர். எங்கள் ஊரிலிருந்து கோட்டயம் பஸ்ஸில் ஏறினால் பாம்பனாரைத் தாண்டியதும் பீர்மேடு வந்துவிடும். அந்தப் பாதையில் வாரம் ஒரு முறையாவது போய்வரும் பிள்ளைகள் ஆறு பேருக்கும் அப்படி ஒருவர் அங்கே பிறந்தார் என்பது தெரியாது. நானும் முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அட்டையை வாசித்து முடித்ததும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்ட முதல் கேள்வி, “டீச்சர், அவங்க எந்த லயம்?” என்பது. லயம் இல்லை, ஏலத்தோட்டம் வைத்திருந்த பொறியாளரின் மகள் என்று நான் சொன்னபோது அவள் முகத்தில் ஆர்வம் கொஞ்சம் வடிந்ததைக் கவனித்தேன். அட்டை இந்தக் குடும்பப் பின்னணியைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. எட்டாவது பிறந்தநாளுக்கு வழக்கப்படி வைரக் கம்மல் கொடுக்க வந்தபோது அதை வேண்டாம் என்று சொல்லி, என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா தொகுதிகளைக் கேட்டு வாங்கினார் என்ற கதையை மட்டும் படத்தோடு போட்டிருக்கிறார்கள். நல்ல கதைதான். ஆனால் கம்மலை மறுப்பதற்கு முதலில் கம்மல் கிடைக்க வேண்டும் என்பதை, கொழுந்து பறிக்கும் தாயின் மகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பின்னணியையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அவரை இன்னும் சரியாகப் புரிந்துகொண்டிருப்பாள். வசதி இருந்தும் அவருக்கு எங்கே கதவு அடைபட்டது என்ற அடுத்த கேள்வியும் தானாக வந்திருக்கும்.

அந்த இடத்தில்தான் அட்டை பெரிய பிழை செய்கிறது. தலைப்பிலேயே ‘டாக்டர் அன்னா மாணி’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். அவருக்கு டாக்டர் பட்டம் கொடுக்கப்படவே இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் பட்டம் பெற்று, பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் சி. வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரங்களும் மாணிக்கக் கற்களும் ஒளியை எப்படி உமிழ்கின்றன, உறிஞ்சுகின்றன என்று ஆராய்ந்தார். ஒளிப்படத் தகடுகளைப் பதினைந்து இருபது மணி நேரம் ஒளிபடும்படி வைத்துக் காத்திருக்க வேண்டிய வேலை அது. ஐந்து கட்டுரைகளை வெளியிட்டுவிட்டு 1945 ஆகஸ்டில் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தைச் சொல்லிப் பல்கலைக்கழகம் முனைவர் பட்டத்தை மறுத்தது. இந்தச் செய்தி அட்டையில் இல்லாததோடு, மறுக்கப்பட்ட பட்டத்தையே பெயருக்கு முன்னால் ஒட்டிவைத்திருப்பது அவருக்கு மரியாதை செய்வதாகத் தோன்றவில்லை. பட்டம் இல்லாமலேயே அவர் லண்டனுக்குச் சென்று வானிலைக் கருவிகளைக் கற்று, 1948இல் திரும்பி, பூனாவில் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளை இந்தியாவிலேயே செய்வதற்கான வரைபடங்களைத் தரப்படுத்தினார். 1976இல் துணைத் தலைமை இயக்குநராக ஓய்வு பெற்றார். தவறான அளவு எடுப்பதைவிட அளவே எடுக்காமல் இருப்பது மேல் என்பது அவர் விடாமல் பிடித்திருந்த கொள்கை. இந்தக் கொள்கையை மனத்தில் வைத்துக்கொண்டு, அவருடைய அட்டைக்கு இணைத்திருக்கும் சோதனைக்கு வருவோம்.

சோதனை, மழைமானி செய்வது. 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஒரு புனல், 5 சென்டிமீட்டர் விட்டமும் 25 சென்டிமீட்டர் உயரமும் உள்ள ஒரு நெகிழிக் குழாய், குழாயில் ஒட்டுவதற்கு மில்லிமீட்டர் கோடுகள் அச்சிட்ட ஒரு தாள் பட்டை. காற்றில் சாயாதபடி ஒரு பெயிண்ட் டப்பாவுக்குள் நிறுத்தி, லயத்துக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் தெறிக்காத இடமாகப் பார்த்து வைத்தோம். வானிலைத் துறை ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்கு மழையளவை எடுக்கும் என்பதால், பள்ளிக்குக் கிளம்பும் நேரம் என்று முனகிக்கொண்டே பிள்ளைகளும் முறைவைத்து அதே நேரத்தில் எடுத்தார்கள். முதல் நாளிலேயே ஒரு சண்டை: ஒருத்தி 92 என்றாள், இன்னொருத்தி 94 என்றாள். முதலாமவள் குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்துப் பார்த்திருந்தாள். இரண்டாமவள் குடையைப் பிடித்தபடி நின்ற இடத்திலிருந்தே மேலிருந்து பார்த்திருந்தாள். நீரின் விளிம்பு குழாயை ஒட்டிச் சற்றே ஏறி நிற்பதையும், நடுவில் உள்ள தாழ்ந்த மட்டத்தைத்தான் எடுக்க வேண்டும் என்பதையும் நான் சொல்வதற்கு அது நல்ல சந்தர்ப்பமாக அமைந்தது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

தேனிப் பக்கத்திலிருந்து மலையேறி வரும் தமிழ் நாளிதழ்களில், முல்லைப்பெரியாறு அணையின் நீர்மட்டத்தோடு பெரியாறு, தேக்கடி மழையளவும் வரும் என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பதற்கு அந்த எண்கள் தேவைப்படுவதால் நாளிதழ்கள் அவற்றைத் தவறாமல் போடுகின்றன. டீக்கடையில் அந்தப் பக்கத்தைப் பார்த்து எழுதிவரும் வேலையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எடுத்துக்கொண்டாள். எங்கள் அளவு 92 என்றபோது தேக்கடி அளவு 22.4, எங்களுடையது 148 என்றபோது அங்கே 39, எங்களுடையது 60 என்றபோது அங்கே 14. தேக்கடி எங்களுக்கு 15 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. மலைநாட்டில் இந்த வளைவில் கொட்டும் மழை அடுத்த வளைவில் இல்லாமல் போவது சகஜம் என்றுதான் முதலில் நான் சமாதானம் சொன்னேன். “அப்படின்னா ஒரு நாளாவது அங்கே கூட இருக்கணும்ல டீச்சர்? தினமும் நமக்கு நாலு மடங்கா?” என்று அவள் கேட்டபோது என் சமாதானம் எனக்கே ஒப்பவில்லை.

அன்று மாலை ஸ்கேலை எடுத்துப் புனலின் வாயையும் குழாயின் வாயையும் அளந்தோம். புனலின் விட்டம் குழாயின் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு என்றால், அதன் வாய்ப் பரப்பு நான்கு மடங்கு. அகலமான வாயில் விழுந்த மழை ஒடுங்கிய குழாயில் நான்கு மடங்கு உயரமாக நிற்கும். உண்மையான மழைமானிகளும் இப்படித்தான் அகலமான வாயும் ஒடுங்கிய அளவுக்குழாயும் கொண்டிருக்கின்றன. சிறிய மழையையும் நுட்பமாக அளப்பதற்காகவே அந்த அமைப்பு. ஆனால் அவற்றில் கோடுகளை அதே விகிதத்தில் விரித்துப் போட்டிருப்பார்கள். இந்தப் பெட்டிக்காரர்களோ சாதாரண ஸ்கேலின் கோடுகளை அப்படியே அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். எனவே எங்களுடைய 92 உண்மையில் 23. 148 உண்மையில் 37. பிள்ளைகள் நோட்டில் ‘திருத்திய அளவு’ என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு, பழைய எண்களை அடிக்காமல் பக்கத்திலேயே நான்கால் வகுத்து எழுதினார்கள். வட்டத்தின் பரப்பைப் பாடமாக நடத்தியபோது கொட்டாவி விட்ட அதே ஆறு பேர்தான் இவர்கள் என்பதை இங்கே குறித்துவைக்கிறேன்.

குழாயின் உயரமும் போதாது. 25 சென்டிமீட்டர் குழாயில் உண்மையில் 62.5 மில்லிமீட்டர் மழைதான் கொள்ளும். ஆடி மாதத்தில் ஓர் இரவு அது நிரம்பி வழிந்து, காலையில் டப்பாவுக்குள்ளும் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீரை எடுத்துக் குழாயிலேயே மறுபடி ஊற்றி அளந்து கூட்டிக்கொண்டோம். அரசு நிலையங்களில் உள்ள மழைமானியிலும் வழிந்ததைப் பிடிக்க வெளிக்கலம் ஒன்று இருக்கும். எங்களுக்குப் பெயிண்ட் டப்பா அந்த வேலையைச் செய்தது. சமவெளி ஊர்களை மட்டும் நினைத்து வடிவமைத்த பெட்டி இது. பீர்மேட்டில் பிறந்தவரின் பெயரில் ஒரு மழைமானி செய்பவர்கள் பீர்மேட்டு மழையைக் கொஞ்சம் விசாரித்திருக்கலாம்.

இதே கதை வெப்பமானிகளிலும் நடந்தது. யூனிஸ் ஃபூட் 1856இல் அமெரிக்காவில் இரண்டு கண்ணாடி உருளைகளுக்குள் வெப்பமானிகளை வைத்து வெயிலில் நிறுத்தி, கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய உருளை மற்றதைவிட அதிகம் சூடேறுவதையும் மெதுவாகவே ஆறுவதையும் கண்டார். அந்த வாயு காற்றில் கூடினால் பூமி வெப்பமாகும் என்றும் எழுதினார். அவருடைய கட்டுரையை ஆல்பனியில் நடந்த அறிவியல் கூட்டத்தில் வாசித்தவர் ஜோசப் ஹென்றி என்ற ஆண். சோதனைக்கு இரண்டு பாட்டில்கள், சமையல் சோடா, வினிகர், இரண்டு வெப்பமானிகள் தந்திருக்கிறார்கள். ஆனி ஆடியில் எங்கள் ஊரில் வெயில் எங்கே கிடைக்கும் என்பது ஒருபுறம் இருக்க, இரண்டு வெப்பமானிகளையும் ஒரே தண்ணீரில் வைத்துப் பார்த்தால் இரண்டு டிகிரி வித்தியாசம் காட்டின. மழைமானியில் அடிபட்ட அனுபவத்தால் பிள்ளைகள்தாம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள், நான் சொல்லவில்லை. மீன் கடையில் ஐஸ் வாங்கிவந்து, நொறுக்கி, தண்ணீரோடு கலந்து இரண்டையும் அதில் நிறுத்தினோம். வீடு முழுவதும் மத்தி வாடை. ஒன்று பூச்சியத்தில் நின்றது, மற்றது இரண்டுக்குக் கீழே இறங்க மறுத்தது. அதன் தலையில் சிவப்பு நூல் கட்டி, ‘இரண்டு கழிக்கவும்’ என்று எழுதி ஒட்டினார்கள். ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசத்தை வைத்தே முடிவு சொல்ல வேண்டிய ஒரு சோதனைக்கு இப்படிப்பட்ட வெப்பமானிகளைக் கொடுப்பது மன்னிக்கக்கூடிய குறை அல்ல. கையேட்டில் வெப்பமானிகளை முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தாலாவது மலிவான கருவியே நல்ல பாடமாக ஆகியிருக்கும்.

பெட்டியின் மிகச் சிறந்த பகுதி ஆக்னஸ் போக்கல்ஸின் அட்டையும் அதற்கான சோதனையும். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில், பெண்களுக்குப் பல்கலைக்கழகம் திறக்கப்படாத காலத்தில், வீட்டு வேலைகளைப் பார்த்துக்கொண்டு பெற்றோரைக் கவனித்துவந்த அவர், பாத்திரம் கழுவும் தண்ணீரின் மேல் எண்ணெயும் சோப்பும் செய்யும் மாற்றங்களைக் கண்டு, ஒரு தகரத் தொட்டியை வைத்து நீரின் பரப்பு இழுவிசையை அளந்தார். முடிவுகளை 1891இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை நேச்சர் இதழில் வெளிவரச் செய்தார். சோதனைக்கு ஒரு தட்டு, தண்ணீர், மிளகுத்தூள், சோப்பு ஆகியவை போதும். வீட்டுக்கு வீடு மிளகுக்கொடி இருக்கும் ஊரில் மிளகுத்தூளை மட்டும் பொட்டலம் கட்டி அனுப்பியிருந்தார்கள், சிரித்துக்கொண்டோம். தண்ணீரில் தூவிய மிளகின் நடுவே சோப்பு தொட்ட ஈர்க்குச்சியை வைத்ததும் தூள் அத்தனையும் விளிம்புக்கு ஓடியது. மறுமுறை செய்தபோது அசையவே இல்லை. கையேடு ‘மீண்டும் செய்து மகிழுங்கள்’ என்று மட்டும் சொல்கிறது. தட்டை விரலால் தடவிப் பார்த்த ஏழாம் வகுப்புப் பிள்ளை, “சோப்பு போகலை டீச்சர், வழவழப்பு இருக்கு” என்றாள். தாய் வேலைக்குப் போனபிறகு தினமும் பாத்திரம் கழுவிவைப்பவள் அவள்தான். இரண்டு மூன்று தடவை நன்றாக அலசிவிட்டு ஊற்றினோம். மிளகு மறுபடி ஓடியது. கண்ணுக்குத் தெரியாத அளவு அழுக்கு இருந்தாலும் நீர்ப்பரப்பின் குணம் மாறிவிடும் என்பது போக்கல்ஸின் கடிதத்திலேயே முக்கியமான செய்தி.

ஜானகி அம்மாளின் அட்டை படிக்க நன்றாக இருக்கிறது. தலச்சேரியில் 1897இல் பிறந்தவர், மிச்சிகனில் 1931இல் டாக்டர் பட்டம் பெற்றவர், கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் 1934 முதல் 1939 வரை கரும்பை மக்காச்சோளம் உள்ளிட்ட வேறு புல் இனங்களோடு கலப்பு செய்து ஆராய்ந்தவர், ஆங்கிலத் தாவரவியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் பட்டியலை 1945இல் வெளியிட்டவர் என்ற விவரங்கள் சரியானவை. ஆனால் ‘இந்தியக் கரும்பை இனிப்பாக்கியவர்’ என்ற கொட்டை எழுத்து வரி சரியல்ல. நாட்டுக் கரும்போடு நாணல் இனத்தைக் கலந்து உருவாக்கிய கோ 205 என்ற ரகம் 1918இலேயே வயலுக்கு வந்துவிட்டது. அது பார்பர், வெங்கட்ராமன் என்ற கரும்பு ஆராய்ச்சியாளர்களின் உழைப்பு. அம்மாள் செய்தவையே ஒரு வாழ்நாளுக்கு மிகுதி. இன்னொருவர் கணக்கிலிருந்து எடுத்து அவருக்குக் கொடுக்க வேண்டிய தேவை இல்லை. சோதனைக்குத் தந்த உருப்பெருக்கிக் கண்ணாடி தரமானது. கையேடு செம்பருத்தியைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறது. நாங்கள் ஏலப் பூவைப் பறித்துவந்தோம். செடியின் அடியில், மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில் பூக்கும் அந்த வெள்ளைப் பூவின் உதட்டில் ஊதாக் கோடுகள் ஓடுவதை, நாள்தோறும் ஏலக்காட்டு வழியே பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

கமலா சோஹோனியின் அட்டைக்குச் சோதனை இல்லை என்றாலும், எழுதியவர் எதையும் மறைக்காமல் எழுதிய ஒரே அட்டை அதுதான். 1933இல் பெண் என்பதால் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராமன் இடம் தர மறுத்ததையும், கமலா விடாமல் நின்று ஓராண்டு சோதனைக் காலம் என்ற நிபந்தனையோடு சேர்ந்ததையும், 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்றதையும் வரிசையாகச் சொல்கிறது. பிற்காலத்தில் அவர் நீராவின் சத்துகளை ஆராய்ந்தார் என்ற இடத்தில் ‘நீரா’ என்றே விட்டுவிட்டார்கள். பதநீர் என்றதும்தான் பிள்ளைகளுக்குப் புரிந்தது. அதே ராமனின் கூடத்தில்தான் சில ஆண்டுகள் கழித்து அன்னா மாணி வேலை செய்தார் என்பதை இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்து நானே சொல்லிக்கொடுத்தேன்.

மற்ற அட்டைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பிராங்க்ளினையும் மைட்னரையும் ‘நோபல் பறிக்கப்பட்டவர்கள்’ என்று ஒரே வார்த்தையில் அடக்கியிருப்பது மட்டும் பிசகு. பிராங்க்ளின் 1958இல் இறந்துவிட்டார், டி.என்.ஏ. அமைப்புக்கான பரிசு 1962இல்தான் வந்தது. அணுக்கருப் பிளவுக்காக 1944ஆம் ஆண்டுக்கான பரிசை ஓட்டோ ஹானுக்கு மட்டும் கொடுத்தபோது மைட்னர் உயிரோடு இருந்தார். இரண்டும் ஒன்றல்ல. தமிழில் வரும் பெட்டியில் சென்னை கிண்டியில் 1943இல் மின்பொறியியல் பட்டம் பெற்ற லலிதாவுக்கு இடம் இல்லை என்பதும் எனக்குக் குறைதான். பதினெட்டு வயதில் கைக்குழந்தையோடு விதவையாகி, அதன்பிறகு படித்துப் பொறியாளரான ஒருவரின் கதை எங்கள் பகுதியில் எத்தனையோ வீடுகளில் காதுகொடுத்துக் கேட்கப்படும்.

தமிழைப் பற்றி ஒரு சொல். கையேட்டின் முதல் பக்கத்தில் ‘உங்கள் சிந்தனைத் தொப்பியை அணிந்துகொள்ளுங்கள்’ என்று இருக்கிறது. ஆறு பேரும் பெட்டிக்குள் தொப்பியைத் தேடினார்கள். ஆங்கிலக் கையேட்டை வைத்து வரிக்கு வரி மாற்றியிருப்பது பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. ஒரு பள்ளி ஆசிரியரிடம் ஒரு வாரம் கொடுத்திருந்தால் சரிசெய்து தந்திருப்பார்.

வாங்கலாமா என்று கேட்டால், கூட உட்கார்ந்து சரிபார்ப்பதற்கு ஒரு பெரியவர் இருக்கும் வீட்டுக்கோ வகுப்புக்கோ வாங்கலாம்; ஆறு பிள்ளைகள் பகிர்ந்துகொண்டால் 1,450 ரூபாய் பெரிதல்ல. பிறந்தநாள் பரிசாகக் கொடுத்துவிட்டு வந்துவிடும் எண்ணம் இருந்தால் வேண்டாம். தனியாக உட்காரும் பிள்ளை தேக்கடியைவிட நான்கு மடங்கு மழையை நோட்டில் எழுதிவைத்திருக்கும், அதைத் தவறு என்று சொல்ல ஆள் இருக்காது.

தயாரித்தவர்கள் போன வாரம் விகிதத்தைத் திருத்திய புதிய தாள் பட்டையை இலவசமாக அனுப்பியிருந்தார்கள். ஒட்டுவதற்கு முன் பிள்ளைகள் அதை மேசையில் விரித்து, ஸ்கேலை வைத்து ஒவ்வொரு கோடாக அளந்தார்கள். 10 மில்லிமீட்டர் மழைக்கு 4 சென்டிமீட்டர், சரியாக இருந்தது. பிறகுதான் பசையை எடுத்தார்கள்.